ஆளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

யாராவது என் முன்னால் ஒரு படத்தை நீட்டினால் நான் முகத்தைப் பார்க்க மாட்டேன். காதுக்குப் பக்கத்தில் பார்ப்பேன். தோள் முடிகிற இடம், தலைமுடி வானத்தைத் தொடுகிற இடம், சேலைத் தலைப்பின் விளிம்பு. இருபது வருஷமாகச் செய்யும் வேலை கண்ணை அப்படிப் பழக்கிவிட்டது. பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் என் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முன்பக்கம் அவர் படம் எடுப்பார். பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில், கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன். வாடிக்கையாளர்கள் என் குரலைக்கூட அதிகம் கேட்டதில்லை. எனக்கும் அதுதான் வசதி. பத்தாவதோடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேச வராது.

பேனர் வேலைதான் அதிகம். மஞ்சள் நீராட்டு, கல்யாணம், அப்புறம் கண்ணீர் அஞ்சலி. ஏரியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர்கள் தனியாக நின்று படம் எடுத்துக்கொள்வது குறைவு. ஆள் போன பிறகு தேடினால், எவர் கல்யாணத்திலோ ஓரமாக நின்ற ஒரு படம் கிடைக்கும். பக்கத்தில் நிற்பவர் கை அவர் தோளில் கிடக்கும். அந்தக் கையை எடுத்துவிட்டு, ஆளை மட்டும் பிரித்து, நீல வானத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்படி வைத்ததும் அவரைச் சுற்றி மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். பழைய இடத்துச் சுவரோ ட்யூப் லைட் வெளிச்சமோ கொஞ்சம் அவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். மாவில் புரட்டியெடுத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்த உடனே யாருக்கும் தெரிந்துவிடும், இவர் இங்கே நின்றவர் இல்லை என்று.

ஆரம்பத்தில் அந்தக் கோட்டை ரப்பரால் அழிப்பேன். ரப்பர் என்றால் கம்ப்யூட்டரில் உள்ள ரப்பர். அது அழித்தால் அழித்ததுதான். ஒருமுறை ஒரு பெரியவரின் சுருட்டை முடியைக் கோட்டோடு சேர்த்து அழித்து, சேமித்தும் விட்டேன். பேனரைப் பார்த்த அவர் மனைவி, "எங்க ஆளுக்கு எப்ப மொட்டை போட்டீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் மாஸ்க் கற்றுக்கொண்டேன். படத்தின் மேல் ஒரு போர்வை மாதிரி அது. அதில் கருப்பைத் தடவினால் கீழே உள்ளது மறையும். வெள்ளையைத் தடவினால் திரும்ப வரும். எதுவும் அழிவதில்லை. போர்வையின் ஓரத்தை ஒரு புள்ளி, இரண்டு புள்ளி உள்ளே தள்ளினால் வெள்ளைக் கோடு போர்வைக்குள் போய்விடும். முடி இருக்கும் இடத்தில் மட்டும் சின்னத் தூரிகையால், பலம் குறைத்து, இழை இழையாகத் தடவ வேண்டும்.

இந்த வேலையில் ஒரு கெடுதல் உண்டு. எதையும் நம்ப முடியாமல் போகும். அண்ணன் மகளுக்கு வரன் பார்த்தபோது ஒரு மாப்பிள்ளை படம் வந்தது. கார் மேல் சாய்ந்து நின்றிருந்தார். வீட்டில் எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் முழங்கையைப் பார்த்தேன். "இந்தக் காரு இவரோடது இல்ல. இவரு கார் பக்கத்துலயே நிக்கல" என்றேன். அண்ணி என்னை ஒரு வாரம் முறைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்ததுதான் பின்னால் என்னைக் கெடுத்தது.

பழவேற்காட்டில் இருந்து கொஞ்சம் தள்ளி உள்ள ஒரு குப்பத்தின் ஊர்த் தலைவர் ஒரு நாள் காலையில், இன்னொரு பெரியவரோடு கடைக்கு வந்தார். குப்பத்தின் பெயர் வேண்டாம். திரைக்குப் பின்னால் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஏரியில் இறால் ஓடும் இடங்களைப் பாடு என்பார்கள். எந்த வீட்டுக்காரர் என்றைக்கு எந்தப் பாட்டில் வலை கட்டலாம் என்று ஊரில் முறை வைத்திருப்பார்கள். ஒரு முறை போனால் அடுத்தது சுற்றி வர வெகுநாள் ஆகும். அந்தக் குப்பத்தில் ஒரு பெண். நம் மார்க்கெட்டில் கூடை வைத்து மீன் விற்பவள். அவள் புருஷனுக்குக் கை கால் இழுத்து இரண்டு வருஷமாகப் படுக்கை. வீட்டு முறை வரும்போது உறவுக்காரர் இரண்டு பேரை வைத்து வலை கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முறை அன்று விடியற்காலையில் வேறொருவர் அதே பாட்டில் வலை போட்டு இறாலை வாரிக்கொண்டு போய்விட்டார் என்பது அவள் புகார். வலை கட்டுகிறவர்கள் வருவதற்கு முன்னால் அவள் மட்டும் கரையோரமாக நடந்து போயிருக்கிறாள். பார்த்ததைச் செல்போனில் படம் பிடித்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டாள். புகாருக்கு ஆளானவரோ, அன்றைக்கு ஆரம்பாக்கத்தில் சம்பந்தி வீட்டில் இருந்தேன், இது யாரோ ஒட்டிக் கொடுத்த படம் என்கிறார்.

"பாய், இது நெசப் படமா, ஒட்டுன படமா? நீங்க சொன்னா ஊரு கேட்டுக்கும்" என்றார் தலைவர்.

"எனக்கு இன்னா தெரியும் தலைவரே. வெட்டுறது ஒட்டுறது எல்லாம் தங்கச்சிதான்" என்று சொல்லி அண்ணன் போனைத் திரைக்குள் நீட்டினார்.

ஆள் நன்றாகத் தெரிந்தார். படகில் குனிந்தபடி, வலையைப் பிடித்த கை, திரும்பிய முகம். நான் வழக்கம்போல் காதுக்குப் பக்கத்தில் போனேன். விரலால் பெரிதாக்கினேன். இருந்தது. தலையைச் சுற்றி, தோளைச் சுற்றி, மெல்லிய வெள்ளைக் கோடு.

பொய் சொல்லக் கூடாது. எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "கோடு தெரியுதுண்ணே. வெட்டி ஒட்டுனா இப்படித்தான் வரும்" என்றேன்.

அண்ணன் வெளியே திரும்பி, "ஒட்டு வேலைதான் தலைவரே" என்றார்.

நான் சொன்னதற்கும் அவர் சொன்னதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அது எனக்குக் கேட்டது. திரையை விலக்கி, "அண்ணே, நான் அப்படிச் சொல்லல" என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் படியிறங்கும் சத்தம் கேட்கும்வரை மௌஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நாள் கழித்து அந்தப் பெண் கடைக்கு வந்தாள்.

"எவ சொன்னது ஒட்டு படம்னு? தெரையைத் தூக்கு, மூஞ்சியப் பாக்கணும்."

அண்ணன் தடுப்பதற்குள் அவளே தூக்கிவிட்டாள். என் வயதுதான் இருக்கும். கையில் செதில் காய்ந்திருந்தது. நான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஓ, நீயா பாயம்மா. எங்கிட்ட எத்தினி வாட்டி மீன் வாங்கிக்கீறே. எனக்கு மீனு வெட்டத் தெரியும். ஆளை வெட்டத் தெரியுமா? சொல்லு."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய்யி சொன்னேன்னு அடுத்த முறைய நிறுத்தி வச்சிட்டாங்க. அது போனாப் போவுது. இப்ப இன்னா பேசறாங்க தெரியுமா? ஆம்பள எழுந்திரிக்காத வூட்டுக்கு எதுக்கு முறைன்னு பேசறாங்க. ஒரு வாட்டி வுட்டா அப்பறம் பேரையே எடுத்துடுவாங்க. எங்க வூட்டுக்காரரு காதுல இதை நான் எப்படிப் போடுவேன்?"

அவள் அழுதாள். சத்தமாக, கடைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கும் கேட்கும்படி. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தேகம். இவ்வளவு சத்தமாக ஏன் அழுகிறாள்? அண்ணன் கடைக்கு வந்து கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று பொன்னேரிப் பக்கம் ஏதாவது கடையில் ஒட்டி வாங்கியிருப்பாளோ? அந்தக் கடைக்காரர் அவசரத்தில் ஓரத்தைச் சரிசெய்யாமல் கொடுத்திருப்பாரோ? அவள் போன பிறகும் அந்த வேலையின் லட்சணத்தைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் போர்வை ஓரத்தை இரண்டு புள்ளி உள்ளே தள்ளியிருப்பேன் என்று.

அடுத்த வாரம் புகாருக்கு ஆளான மனிதர் வந்தார். ஒரு பையை மேஜை மேல் வைத்தார். உள்ளே இறால், ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம்.

"தங்கச்சி நேர்மையா சொல்லிச்சு பாய். அதுக்குத்தான்."

"இதெல்லாம் எதுக்குங்க" என்று சொன்னபடியே அண்ணன் பையை உள்ளே தள்ளினார். அன்று வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்கள். நான் ரசம் மட்டும் ஊற்றிக்கொண்டேன். நேர்மைக்காக யாரும் இறால் கொடுத்து நான் பார்த்ததில்லை. அவர் சிரித்தபடி பேசியதும், போகும்போது திரையைப் பார்த்துத் தலையாட்டியதும் மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் அந்தக் கோட்டை நான் என் கண்ணால் பார்த்தேனே என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். இவரும் சரியில்லை, அவளும் சரியில்லை என்று இரண்டு பக்கமும் சந்தேகப்படுவது ஒரு வகையில் சௌகரியமாக இருந்தது. எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அந்தச் சௌகரியம் ஒரு திங்கட்கிழமை போனது. லைட்ஹவுஸ் குப்பத்தில் புதிதாக ஃபைபர் படகு வாங்கியவர்கள் பேனருக்குப் படம் அனுப்பியிருந்தார்கள். சூரியனுக்கு எதிராக நின்று செல்போனில் எடுத்தது. படகைப் பிரித்தெடுக்கப் பெரிதாக்கினேன். படகைச் சுற்றி வெள்ளைக் கோடு. யாரோ ஏற்கெனவே வெட்டி ஒட்டிய படத்தை அனுப்பிவிட்டார்கள் என்று எரிச்சலோடு பக்கத்தில் நகர்த்தினேன். அங்கே நின்ற கம்பத்தைச் சுற்றியும் கோடு. இன்னும் மேலே போனேன். கலங்கரை விளக்கத்தைச் சுற்றி, அடியிலிருந்து உச்சி வரை, அதே கோடு.

கலங்கரை விளக்கத்தை யார் வெட்டி ஒட்டுவார்கள்?

கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருந்த செல்போன் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வெளிச்சம் பின்னால் இருந்து வந்த படங்களில் எல்லாம் அது இருந்தது. படம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று போனே விளிம்புகளைக் கூர்மையாக்கிவிடுகிறது. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் வெளுப்பாக ஒரு கோடு அதுவாக விழுகிறது. பேனரில் வைக்கும்போது எப்படியும் பின்புறத்தை எடுத்துவிடுகிறோம். அதனால் இத்தனை வருஷத்தில் மற்றவற்றின் விளிம்பை நான் பார்த்ததே இல்லை. ஆளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். தலைவர் காட்டிய படத்திலும் ஆளை மட்டும்தான் பார்த்தேன். அதில் வேறு எதுவும் இருக்கவும் இல்லை. ஆள்தான் படம் முழுக்க.

அது ஏன் என்று அப்போதுதான் யோசித்தேன். கரையில் நின்று எடுத்தால் ஆள் அவ்வளவு பெரிதாக எப்படி வருவார்?

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் கூடையைத் தாண்டி மூன்று தடவை நடந்தேன். நான்காவது தடவை அவளே கூப்பிட்டாள்.

"இன்னா பாயம்மா, மீனுக்கு ஓரத்துல கோடு இருக்குதான்னு பாக்குறியா?"

பக்கத்துக் கூடைக்காரிகள் சிரித்தார்கள். நான் குனிந்து, மெதுவாக, "அந்தப் படத்தை ஒரு தடவை காட்டுங்க" என்றேன்.

"எதுக்கு? இன்னொரு வாட்டி சாகடிக்கவா?"

"நான் தப்பாச் சொல்லிட்டேன்னு தோணுது."

நம்பினாள் என்று சொல்ல முடியாது. மீன் தண்ணீர்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். குரூப்பில் போட்ட படத்தைத்தான் முதலில் காட்டினாள்.

"இது இல்ல. முதல்ல எடுத்தது."

"அது வாணாம். அதுல ஆளு கொசு மாரி கீறாரு. மூஞ்சி தெரியணும்னுதான் நானே பெருசு பண்ணி, அதை அப்படியே புடிச்சி குரூப்புல போட்டேன்."

"அந்தக் கொசுப் படத்தைத்தான் காட்டுங்க."

தேடி எடுத்துக் காட்டினாள். முழுப் படம். விரிந்த ஏரி, பின்னால் வெளுக்கும் வானம், நடுவில் படகு, அதில் சின்னதாக ஒரு மனிதர். படகைச் சுற்றிக் கோடு. வலைக் கழிகளைச் சுற்றிக் கோடு. தூரத்தில் நின்ற கொக்கைச் சுற்றியும் கோடு. படகுக்கு இடது பக்கம் தனியாக நின்ற ஒரு கழியின் உச்சியில் சிவப்பாக ஏதோ தொங்கியது.

"இது என்ன?"

"அதுவா. எங்க வூட்டுக்காரரு கைலி. கிழிச்சிக் கட்டுனது. சாயங்காலம் முறை மாறுனதும், இனிமே எங்க பாடுன்னு குச்சில துணி கட்டிட்டு வருவோம். முறை முடிஞ்சா அவுத்துடுவோம். எல்லா வூட்லயும்..."

பேச்சு அங்கேயே நின்றது. போனை என் கையிலிருந்து வாங்கிக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். அவள் வீட்டுத் துணியைக் கட்டிய பிறகுதான் அந்த ஆள் அங்கே இருந்திருக்கிறார். அதற்கான சாட்சியை அவள் கையாலேயே வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் ஊருக்குக் காட்டியிருக்கிறாள். முகத்தில் நான் கோட்டைப் பார்த்துவிட்டேன்.

"அட நாசமாப் போச்சே" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அந்தப் போனிலேயே, வானத்துக்கு எதிராக என்னை நிற்க வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். படம் எடுத்துக்கொள்வது எனக்குப் பிடிக்காது. வாங்கிப் பார்த்தேன். என் தலைத்துணியைச் சுற்றி, நன்றாக, ஒரு வெள்ளைக் கோடு. அவள் எட்டிப் பார்த்து, "உன்னை எந்தக் கடையில ஒட்டுனாங்க?" என்றாள். சிரிக்கவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"இப்ப மாத்திச் சொன்னா, அவ மீனு குடுத்து மாத்திட்டான்னு அந்தாளு சொல்லுவான். நாளைக்கு எவன் நம்ம கடைக்கு வருவான்? நீ உள்ளயே இரு. ஊரு வழக்கு நமக்கெதுக்கு?"

"நீங்க வந்து சொல்லுங்கண்ணே."

"நான் வர மாட்டேன்."

அன்று மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு வேலை செய்தேன். வெறும் வாயால் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரியும்; என் வாயைப் பற்றியும் தெரியும். ஊர்த் தலைவர் மகள் கல்யாணத்துக்கு நாங்கள்தான் பேனர் போட்டோம். பட்டுச் சட்டையில் அவர் நின்ற படம் கடையில் இருந்தது. அவரைப் பிரித்தெடுத்தேன். அந்தப் பெண் அனுப்பிய முழுப் படத்தில், புகாருக்கு ஆளானவரை மறைத்துவிட்டு, அதே படகில் தலைவரை நிறுத்தினேன். எங்கள் கடைச் சுவரின் நீலம் அவர் சட்டை ஓரமெல்லாம் ஒட்டியிருந்தது. மாஸ்க் போட்டு ஓரத்தை இரண்டு புள்ளி உள்ளே தள்ளினேன். காதோரம் இன்னும் நீலம் மிச்சம் இருந்தது. சின்னத் தூரிகையால் கருப்பைத் தடவினேன். மீசை முனைக்கு மட்டும் கால் மணி நேரம் ஆனது. அதிகமாகத் தடவினால் கத்தரித்தது மாதிரி ஆகிவிடும். வெள்ளையால் திரும்பக் கொண்டுவந்து, மறுபடி லேசாக. கடைசியில் விளிம்பில் விடியற்காலை வெளிச்சத்தின் நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினேன்.

முடித்து, தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். ஊர்த் தலைவர் பட்டுச் சட்டையோடு இன்னொரு வீட்டுப் பாட்டில் நின்றுகொண்டிருந்தார். எங்கேயும் கோடு இல்லை. எனக்கே என் கையைப் பார்த்தால் பயமாக இருந்தது. இருபது வருஷம் நான் கற்றுக்கொண்டது இதைத்தானா?

ஊர்க்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில், வலை சரிசெய்யும் கொட்டகையில். அந்தப் பெண் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"இன்னாம்மா, பாய் வரலியா?" என்றார் தலைவர்.

இல்லை என்று தலையாட்டினேன். பைக்குள் இருந்து பட்டுச் சட்டைப் படத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "தலைவரே, பட்டுச் சட்டையோடயா எறா புடிக்கப் போனீங்க? சொல்லவே இல்ல" என்றார். கொட்டகை முழுக்கச் சிரிப்பு. தலைவர் சிரிக்கவில்லை.

"இன்னா வேலை இது?"

"கோடு இருக்குதான்னு பாருங்க" என்றேன். அது எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. அந்தப் பெண் பின்னால் இருந்து உரக்கச் சொன்னாள்: "கோடு இருக்குதான்னு பாக்கச் சொல்லுது தலைவரே!"

படம் கை மாறிப் போனது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். ஒருவர் நகத்தால் சுரண்டினார். யாருக்கும் கோடு தென்படவில்லை.

"இது பொய்ப் படம். நான் செஞ்சது. வேலை தெரிஞ்சவங்க செஞ்சா கோடு வராது" என்றேன். இப்போது கொஞ்சம் குரல் வந்தது. "இப்ப அவங்க போனுல உங்களை ஒரு படம் எடுக்கட்டும்."

தலைவர் கொட்டகைக்கு வெளியே வந்து, ஏரியை முதுகுக்குப் பின்னால் வைத்து, விறைப்பாக நின்றார். அவள் எடுத்தாள். பெரிதாக்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் தலையைச் சுற்றிக் கோடு. தோள் துண்டைச் சுற்றிக் கோடு.

"என்னை யாரு ஒட்டுனது?" என்றார் மெதுவாக.

"அப்போ கோடு இருந்தா நெசம், இல்லன்னா பொய்யா?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்படியும் இல்லீங்க. படத்துல இருக்கிற எல்லாத்தையும் சுத்தி இருக்குதான்னு பாக்கணும். ஒருத்தரை மட்டும் சுத்தி இருந்தாத்தான் சந்தேகம். அன்னிக்கு நான் ஒருத்தரை மட்டும்தான் பாத்தேன். முழுப் படத்தைக் கேட்கல. தப்பு என் பேர்ல."

முழுப் படத்தைப் பெரிய தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அதைத் தரையில் விரித்ததும் எல்லோரும் குனிந்தார்கள். கழியைச் சுற்றிக் கோடு, கொக்கைச் சுற்றிக் கோடு என்று ஆளுக்கு ஒன்றைத் தொட்டுக் காட்டினார்கள்.

புகாருக்கு ஆளானவர் இதுவரை தூணோரம் பேசாமல் நின்றிருந்தார். இப்போது, "சரி, நான்தான். இல்லன்னு சொல்லல. அது முந்தின நாளு. என் முறை அன்னிக்கி எடுத்த படம்" என்றார்.

"அன்னிக்கி ஒட்டுன படம்னு சொன்னே, இப்ப நீதான்னு சொல்றியா? ஒண்ணைச் சொல்லு" என்றார் பெரியவர் ஒருவர்.

அந்தப் பெண் அதற்குள் உட்கார்ந்துவிட்டாள். படத்தில் சிவப்புத் துணி மேல் விரலை வைத்தாள். "இது இன்னான்னு பாருங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்கு வலை கட்டும் இரண்டு பேரில் ஒருவர் முன்னால் வந்து பார்த்தார். "நான் கட்டுன துணிதான். முறை மாறுனதுக்கு அப்புறம்தான் கட்டுனேன்" என்றார். அதற்கு மேல் யாரும் என்னைக் கேட்கவில்லை. பேச்செல்லாம் அந்த மனிதரை நோக்கித் திரும்பிவிட்டது. அவளுடைய முறையைத் திருப்பிக் கொடுப்பதென்றும், அவர் முறை ஒன்றை நிறுத்துவதென்றும் முடிவானது. வெளியே வந்தபோது அவர் என்னைத் தாண்டிப் போனார். "எறா நல்லா இருந்திச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சாப்பிடவில்லை என்று சொல்ல நினைத்தேன். சொன்னால் நம்புவாரா?

அண்ணன் பயந்தது கொஞ்சம் பலித்தது. தலைவர் இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். பட்டுச் சட்டைப் படத்தை அழிக்க வேண்டும் என்றார். அவர் எதிரிலேயே அழித்தேன்.

"குப்பைத் தொட்டியில இருக்கும்னு சொல்றாங்களே?"

அதையும் திறந்து காலி செய்து காட்டினேன்.

"வேற எங்கயும் இல்லியே?"

"இல்லீங்க."

தலையாட்டினார். படியில் நின்று திரும்பி, "நெசமாவே?" என்றார். பேனருக்கு வருகிறவர்களும் இப்போதெல்லாம் திரையை விலக்கி ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். அண்ணன் அந்தத் திரையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவள் முறை வந்த அன்று காலையில் போனில் ஒரு படம் வந்தது. ஏரி, வலை கட்டும் இரண்டு பேர், கழியில் சிவப்புக் கைலித் துண்டு. எதையும் வெட்டாத முழுப் படம். மதியம் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே கடைக்கு வந்தாள்.

"இதைப் பெருசா போட்டுக் குடு பாயம்மா. எங்க வூட்டுக்காரரு படுத்துக்கினே பாக்கற மாரி சொவத்துல மாட்டணும்."

"கொஞ்சம் வெளிச்சம் ஏத்தட்டுமா?"

"ஒண்ணும் ஏத்தாத. ஓரத்துல கையே வைக்காத. கோடெல்லாம் எப்படிக் கீதோ அப்படியே இருக்கணும்."

சரி என்றேன். அவள் போய் முன்பக்கத்தில் உட்காரவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். படம் அச்சாகி வெளியே வரும்வரை, கம்ப்யூட்டர் திரையைப் பார்க்காமல், மௌஸ் மேல் இருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.